பழைய வீட்டு மரம்: விடவா, கழிக்கவா, முட்டுக் கொடுக்கவா, வெட்டவா?

புரட்டாசி பிறந்தால் டெல்டாவில் பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்விதான். கொல்லையில் தாத்தா காலத்து வேம்போ மாவோ நிற்கிறது, கிளை ஓட்டின் மேல் கிடக்கிறது, ஐப்பசி அடைமழை வரப்போகிறது, என்ன செய்வது? 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததிலிருந்து இந்தக் கேள்வியில் பயமும் சேர்ந்துகொண்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு எந்தப் பெரிய மரமும் எமனாகத்தான் தெரியும்.

பயத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் "மொட்டை அடித்துவிடுவோம்" என்பதில் போய் நிற்கிறது. கீழே எடைபோடும் நான்கு வழிகளில் அது இல்லை. ஏன் இல்லை என்பது கழிப்பதைப் பற்றிப் பேசும்போது வரும்.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

எல்லோரும் அண்ணாந்து பார்த்து முடிவெடுக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டிய விஷயம் இது. டெல்டாவின் களிமண்ணில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் வேர் ஆழம் போவதில்லை. பெரும்பகுதி மேல் 2 அடி மண்ணுக்குள் தட்டுப்போலப் பரவுகிறது. நான்கு நாள் மழையில் மண் குழம்பான பிறகு காற்றடித்தால் மரம் ஒடிவதில்லை, வேரோடு பெயர்ந்து சாய்கிறது. ஆகவே தூர்தான் முதல் சாட்சி.

தூர். நல்ல மரத்தின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிந்து வேராகப் பிரியும். உங்கள் மரம் மண்ணுக்குள் கம்பம் நட்டதுபோல நேராக இறங்கினால் தூர் புதைந்திருக்கிறது என்று பொருள். டெல்டாவில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தெருவுக்குத் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிடுகிறது; வீடு பள்ளமாகிறது; வாசலிலும் கொல்லையிலும் ஒன்றரை அடி சவுடு மண் கொட்டி மட்டம் ஏற்றுகிறோம். மண்ணுக்குள் போன பட்டை ஈரத்தில் அழுகும், அடியிலிருக்கும் வேருக்குக் காற்றும் கிடைக்காது. மரம் உடனே சாகாது. மூன்று, நான்கு ஆண்டு கழித்து உச்சிக் கிளை காயும்போது மண் கொட்டியதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பொந்து. கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடிமரத்தைச் சுற்றித் தட்டுங்கள். கெட்டி இடம் மந்தமாக ஒலிக்கும், கூடு விழுந்த இடம் பறை போல அதிரும். பொந்து இருந்தால் நீளக் கம்பியை விட்டு ஆழம் அளக்கலாம். ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குச் சுற்றிலும் நல்ல மரம் இருந்தால் நிற்கும் என்பது பொதுக்கணக்கு. 220 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 70, ஆரம் 35. சுவர் 12 செ.மீ. இருந்தால் பரவாயில்லை. பொந்தின் வாயே சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அடியில் விசிறி போலக் கெட்டிக் காளான் ஒட்டியிருந்தால் உள்ளே அழுகல் நெடுநாளாக நடக்கிறது. கறையான் புற்று மட்டும் பட்டையில் ஏறியிருந்தால் பதற வேண்டாம். அது செத்த பட்டையைத்தான் தின்கிறது. சுரண்டிவிட்டு அடியில் மரம் கெட்டியா என்று பாருங்கள்.

சாய்வு. பழைய சாய்வும் புதிய சாய்வும் ஒன்றல்ல. இளமையில் வெளிச்சம் தேடிச் சாய்ந்த மரம் மேலே போகப் போக நிமிர்ந்திருக்கும். நேரான மரம் அப்படியே சரிந்து நின்று, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தால் அது ஆபத்து. சந்தேகமிருந்தால் 2 மீட்டர் உயரத்தில் ஆணி அடித்துத் தூக்குக்குண்டு விட்டு, குண்டுக்கும் தூருக்கும் உள்ள தூரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் மரம் தானே பதில் சொல்லும்.

விழுந்தால் எதன் மேல்? மரத்தின் உயரமும் அதன் கால்பங்கும் சேர்த்த தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். அதற்குள் படுக்கும் அறையா, மாட்டுக் கொட்டகையா, வெறும் வைக்கோல் போரா? மின்கம்பி போகிறதா? ஒரே அளவு பழுதுள்ள இரண்டு மரங்களில் ஒன்றை விட்டுவைக்கலாம், மற்றதை வெட்ட வேண்டியிருக்கும். வேறுபாடு இந்த வட்டத்தில்தான்.

மரத்தின் வகை. புளியும் இலுப்பையும் வைரம் பாய்ந்தவை, காற்றைத் தாங்கும். வேம்பு நடுத்தரம். மாவின் நீளப் படுக்கைக் கிளைகள் காய்ப் பாரத்தோடு கிழியும். பலாவுக்கு நீர் தேங்கினால் ஆகாது; வெள்ளம் ஒரு வாரம் நின்ற கொல்லையில் வெளியே பச்சையாக நிற்கும் பலாவின் வேர் உள்ளே செத்திருக்கலாம். தூங்குமூஞ்சி, குல்மொகர், வாதநாராயணன் மூன்றும் வீட்டருகே வைக்கக்கூடாதவை. தென்னை தனி ஜாதி, அதைக் கடைசியில் பார்ப்போம்.

## வழி 1: வெட்டாமல் விட்டுப் பராமரிப்பது

விடுவது வேறு, கைவிடுவது வேறு. இந்த வழியில் அரிவாளுக்கு வேலையில்லை, மண்வெட்டிக்கு உண்டு.

புதைந்த தூரைத் திறப்பதுதான் முதல் வேலை. அடியைச் சுற்றி 1 மீட்டர் வரை கொட்டிய மண்ணைக் கையாலும் சின்னக் களைக்கொட்டாலும் அள்ளுங்கள். கடப்பாரை வேரின் பட்டையை உரித்துவிடும். பழைய மட்டம் தெரிந்ததும் ஓரத்தில் சாந்து இல்லாமல் செங்கல் அடுக்கலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐப்பசியில் அந்தப் பள்ளம் கிணறாகிவிடும். 3 அங்குலக் குழாய் ஒன்றை வாட்டத்தோடு பதித்து வடிகாலுக்கு வழி செய்யாவிட்டால் தூரைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

சிமெண்ட் தளம் அடிமரத்தை நெருக்கினால் குறைந்தது 1 மீட்டர் உடைத்து எடுங்கள். மீதியில் சருகை 2, 3 அங்குலம் பரப்பி, அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சித்திரை, வைகாசியில் மாதம் இரண்டு முறை மண் ஒன்றரை அடி ஆழம் நனையும்படி நீர் விட்டால் போதும். தினம் ஒரு குடம் ஊற்றுவது வேரை மேலேயே இழுக்கும்.

பொந்தில் சிமெண்ட் அடைக்காதீர்கள். ஊரெங்கும் நடக்கும் தப்பு இது. மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இடுக்கில் நீர் இறங்கி அழுகல் மறைவாக வேகமெடுக்கும். மட்கிய தூளை அள்ளிவிட்டு, நீர் தேங்காதபடி பார்த்தால் போதும்.

மறைமுகச் செலவு: கவனம். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய ஊரில் ஆள் வேண்டும். பூட்டிய வீட்டுக்கு இந்த வழி ஒத்துவராது.

வேம்புக்கு ஒரு வார்த்தை. அண்மை ஆண்டுகளில் மழைக்காலத்தோடு வேப்பமரம் முழுக்க நுனி கருகி, தீயில் வாட்டியதுபோல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்ற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை. செத்துவிட்டது என்று பலர் வெட்டிவிட்டார்கள். பெரும்பாலானவை மாசி, பங்குனியில் துளிர்க்கும். கார்த்திகையிலிருந்து தை வரை எந்த வேம்பைப் பற்றியும் சாவோலை எழுத வேண்டாம்.

## வழி 2: கிளை கழித்தல்

தூர் உறுதியாக இருந்து, ஓட்டின் மேல் படர்ந்த கிளைகள் மட்டும் தொந்தரவு என்றால் இதுதான் முதல் தேர்வு. டெல்டா வீடுகளில் பத்தில் ஆறு, ஏழு மரத்துக்கு இது போதும் என்பது எங்கள் கருத்து.

அளவு முக்கியம். இளமரத்தில் பச்சையில் கால்பங்கு வரை எடுக்கலாம். முதிர்ந்த மரத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் வேண்டாம். முதலில் காய்ந்த கிளை, பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளை, அதன்பின் கூரைக்கு மேல் நீண்டதன் நுனி. நுனியைக் குறைக்கும்போது, மீதி நிற்கும் பக்கக் கிளை வெட்டுப்பட்டதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். 4 அங்குலத்துக்கு மேல் கனமான வெட்டுவாய் கிழட்டு மரத்தில் மூடுவதே இல்லை.

வெட்டும் முறை மூன்று படி. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு கனம் அறுக்க வேண்டும். அதற்கு 2 அங்குலம் வெளியே மேலிருந்து கீழாக அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். கடைசியாக மிச்சக் கட்டையை, கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம் போலத் தடித்திருக்கும் மேட்டை விட்டு, அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். அந்த மேட்டிலிருந்துதான் காயம் மூடும் திசு வளர்கிறது. அடிமரத்தோடு வழவழப்பாகச் சீவுவதும் தப்பு, முழம் நீளக் கட்டையை விடுவதும் தப்பு. கைரம்பமோ மிஷின் ரம்பமோ நல்லது. வெட்டரிவாள் கொத்திக் குதறும்.

வெட்டுவாயில் தார் பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டும். மாவில் மட்டும் போர்டோ பசை என்ற பூஞ்சைக்கொல்லி தடவலாம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சேர்க்க வேண்டும். தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் நனைத்து எடுத்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு கூட்டுங்கள்.

எப்போது? பனி பெய்யும் நாடுகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு டிசம்பரில் ஆள் கூப்பிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அங்கே மரம் இலை உதிர்த்துத் தூங்கும் காலம் அது. பூஞ்சையும் உறைந்து கிடக்கும். இங்கே டிசம்பர் என்பது ஈரமும் காளானும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆளை உச்சியில் ஏற்றுவதற்கும் ஆகாது. ஆடிக் காற்று அடங்கி ஐப்பசி மழை தொடங்கும் முன் உள்ள ஆவணி மாதமும் புரட்டாசியின் முதல் பாதியும்தான் சரியான இடைவெளி. மாவில் காய்ப்பு முடிந்து அப்போது ஓய்வுதான்.

இப்போது மொட்டை. தலையை வெட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது உண்மை, அந்த ஒரு மழைக்கு. பட்டினி கிடக்கும் மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் தளிர் விடும். இரண்டு, மூன்று ஆண்டில் அவை வாசக்கால் கனத்துக்கு வரும். ஆனால் மரத்தின் உள்ளிருந்து பிறந்தவை அல்ல, பட்டையோரம் ஒட்டிக்கொண்டவை. அடியில் வெட்டுவாயோ அழுகிக் குழிந்திருக்கும். அடுத்த புயலில் விழுவது அந்தக் கிளைகள்தான். மொட்டை அடித்த மரத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலிவு என்று தொடங்குவது நான்கு வழிகளையும்விட விலை கூடியதாக முடியும்.

மறைமுகச் செலவுகள்: ஆள் கூலியை மரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் வேகமாக முடிக்க மொட்டைதான் அடிப்பார்கள். நாள் கூலி பேசி, எந்தக் கிளை என்று சுண்ணாம்பால் குறியிட்டுக் கொடுங்கள். ஓட்டின் மேல் கிளையைக் கயிற்றில் கட்டி இறக்க இரண்டு ஆள் அதிகம் வேண்டும். உடையும் ஓட்டுக்கு முன்கூட்டியே ஐம்பது ஓடு வாங்கி வையுங்கள். நாட்டு ஓடு இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வரும் மின்கம்பி அருகே வேலை என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே ஏற வேண்டும்.

## வழி 3: முட்டும் வடமும்

குறுகிய வழி, சில மரங்களுக்கு மட்டும். அடி உறுதி, ஒரு நல்ல கிளை மட்டும் பாரத்தில் தொங்குகிறது, அல்லது இரண்டாகக் கவைத்த மரம் கவையில் லேசாகப் பிளக்கிறது என்றால் இது பயன்படும்.

படுக்கைக் கிளைக்குப் பனங்கட்டை முட்டு நம் ஊர் வழக்கம். அதன் கால் மண்ணில் நேரடியாக நிற்கக் கூடாது. ஈரத்தில் புதைந்து முட்டு இருப்பதுபோல் தோன்றும், தாங்காது. கருங்கல் பலகையின் மேல் நிறுத்துங்கள். கிளையைத் தொடும் தலையில் பழைய டயர் ரப்பர் வைத்தால் பட்டை நசுங்காது.

கவைக்கு இரும்பு வடம். கவையிலிருந்து உச்சிவரை உள்ள உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில், ஒவ்வொரு கிளையையும் துளைத்துக் காது போல்ட் மாட்டி, இடையில் வடம் இழுக்க வேண்டும். துளையிடுவது காயம்தானே என்று கம்பியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அதுதான் மரத்தைக் கொல்லும். கிளை பெருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி, கழுத்தை நெரித்துவிடும். துணி உலர்த்தக் கட்டிய கம்பிக்கும் இதே கதிதான்.

மறைமுகச் செலவு: இது தீராத பொறுப்பு. ஆண்டுதோறும் துரு பார்க்க வேண்டும், கட்டை மாற்ற வேண்டும். வேர் பெயர்ந்த மரத்துக்கு முட்டுக் கொடுப்பது வீண். தூக்கிப் பிடிக்க முடியாது, விழும்போது முட்டும் சேர்ந்து விழும். அம்மன் மரம், வீட்டோடு பெயர் பெற்ற மரம் போன்றவற்றுக்கு மட்டும் இது தகும்.

## வழி 4: வெட்டி எடுப்பது

சாய்வு ஒரே மழையில் கூடியிருந்தால், எதிர்ப்பக்கம் மண் எழும்பியிருந்தால், பொந்தின் சுவர் மெலிந்து கீழே படுக்கையறை இருந்தால், தயங்காமல் வெட்டுங்கள். செப்டிக் டேங்குக்கோ மதில் கடைக்காலுக்கோ தோண்டியதில், மரத்தின் விட்டத்தைப் போல மூன்று மடங்குத் தூரத்துக்குள் வேர் அறுபட்டிருந்தாலும் அப்படியே. 70 செ.மீ. விட்ட மரத்துக்கு அது 2.1 மீட்டர், அதற்குள் ஒரு பக்கம் முழுக்க வேர் போயிருந்தால் மீதி மூன்று பக்கத்தை நம்ப முடியாது.

செலவு இங்கேதான் பெரிதும் ஒளிந்திருக்கிறது. "கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்பவர் அடிமரத்தை ஏற்றிக்கொண்டு போவார். தழை, கிளை, தூர் உங்களுக்கு. முதலில் மரத்தின் விலையைக் கேளுங்கள். நன்கு முதிர்ந்த பலாவை விறகு விலைக்குக் கொடுப்பது பாவம். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் செய்கிறார்கள். வேம்பு கதவு, சன்னலுக்குப் போகும்.

அக்ரகாரத்து வீடுகள் போல முன்வாசல் ஒரு தெரு, கொல்லை அடுத்த சந்து என்று நீண்ட வீடானால், கிரேன் உள்ளே வராது. துண்டு துண்டாக அறுத்து ரேழி வழியே சுமக்க வேண்டும், அல்லது கொல்லை மதிலை உடைத்துக் கட்ட வேண்டும். அந்தக் கொத்தனார் கூலியையும் மரம் வெட்டும் கணக்கில் எழுதுங்கள்.

தூரைப் பிடுங்கலாமா? கடைக்காலுக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருந்தால் ஜேசிபி வைத்துப் பிடுங்கலாம். அருகில் இருந்தால் கூடாது. வேர் சுவருக்கடியில் ஓடியிருக்கும், இழுத்தால் சுண்ணாம்புச் சுவர் வாய் பிளக்கும். மண்மட்டத்தோடு அறுத்து விடுங்கள். வேம்பும் பூவரசும் தூரிலிருந்து துளிர்க்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓராண்டு ஒடித்தால் ஓயும். மட்கும் தூரிலிருந்து கறையான் வீட்டுத் தேக்கு உத்திரத்துக்கு வழி தேடும், ஆகவே சுவரோரம் அவ்வப்போது பாருங்கள்.

பலரும் எதிர்பாராதது தரை. கோடையில் வெடிக்கும் களிமண் கொல்லையில் பெரிய மரம் நாளும் நீரை உறிஞ்சி மண்ணை இறுக்கி வைத்திருந்தது. அது போனபின் இரண்டு, மூன்று மழைக்காலம் மண் உப்பும். திண்ணையில், சமையலறைத் தளத்தில் கோடு விழும். வெட்டிய ஆண்டே புதுத் தளம் போடாதீர்கள். நிழல் போன ஓட்டு வீட்டின் வெக்கையைச் சித்திரையில் உணர்வீர்கள்.

பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. மரம் புறம்போக்கில் நிற்கிறதா உங்கள் பட்டாவிலா என்பதில் சந்தேகமிருந்தால், அரிவாளுக்கு முன் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | இப்போது | பின்னால் | திரும்ப முடியுமா |
|---|---|---|---|
| விடுதல் | மண்வேலை மட்டும் | ஆண்டுக்கு இரு சோதனை | எப்போதும் |
| கழித்தல் | ஆள், கயிறு, சில ஓடு | 3–5 ஆண்டுக்கு ஒருமுறை | ஓரளவு |
| முட்டு, வடம் | கட்டை, போல்ட், கைத்திறன் | ஆயுள் முழுக்க | முட்டுக் கட்டையை எடுக்கலாம், துளை இருக்கும் |
| வெட்டுதல் | மிக அதிகம் | தூர், தரை, நிழல் | முடியாது |

## தென்னைக்கு வேறு கணக்கு

தென்னைக்குப் பட்டை வளர்ந்து காயம் மூடும் வழியே இல்லை. கழித்தல், வடம் இரண்டும் அதற்குப் பொருந்தாது. ஏறுவதற்குப் படி கொத்திய ஒவ்வொரு வெட்டும் சாகும்வரை திறந்த புண். கூன்வண்டுக்கு அது வாசல். மழைக்கு முன் காய்ந்த மட்டை, பன்னாடை, முற்றிய குலையை இறக்குவதோடு நிறுத்துங்கள். பச்சை மட்டையை வெட்டிக் குடுமி மட்டும் விடுவது மரத்தை வாட்டும்.

தூரிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்தால் தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். ஆரம்பமானால் ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதோடு 1 சதவீதப் போர்டோ கலவை 40 லிட்டரைத் தூரைச் சுற்றி ஊற்றலாம். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தலா 400 கிராம். சாறு மேலே ஏறிவிட்டால் வெட்டி, தூரையும் வேரையும் தோண்டி எரிக்க வேண்டும். தூரை விட்டுவைத்தால் அடுத்த மரத்துக்குப் போகும்.

## வெட்டப்போகும் மரத்துக்கு மாற்று

கன்றை வெட்டிய பிறகு வைப்பதைவிட இரண்டு, மூன்று ஆண்டு முன்பே வைப்பது மேல். சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளுங்கள். களிமண்ணில் ஆழக்குழி என்பது நீர் நிற்கும் தொட்டி. ஒன்றரை அடி உயர, 5 அடி அகல மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். பையில் சுருண்ட வேரை அறுத்துவிட்டே நட வேண்டும். இல்லாவிட்டால் இருபது ஆண்டு கழித்து அந்தச் சுருள்தான் மரத்தைச் சாய்க்கும். கடைமடையில், உப்புக்காற்று வீசும் வேதாரண்யம், நாகைப் பக்கம் புன்னையும் பூவரசும். உள்ளே கும்பகோணம், பாபநாசம் பக்கம் இலுப்பை அல்லது வேம்பு.